உறை பிரிக்காத வீடு

என் தம்பி கிழிந்த சோபாவைப் பிரித்து, உள்ளே இளகிப்போன ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டி, புது ஃபோம் வைத்து, புதுத் துணி போட்டு, அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்ததுபோல நிறுத்திவிடுவான். குஷன் வேலை என்றால் அவன்தான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவன் தத்தி. கூடப்பிறந்தவனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் அவனோடு ஒரு மாதம் குடியிருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தவள் நான். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு தேய்த்து மடிக்கிற வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமைக்கு என் மனுவை நானே எழுதினேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், நானே புதுப்பித்தேன். எந்த இடத்திலும் யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. தம்பி எனக்குப் பின்னால் வந்தவன். வழி எல்லாம் நான் போட்டு வைத்திருந்தேன். அந்த வழியில் நடக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

நிரந்தர வசிப்புரிமைக்கு மனு போட ஓர் ஆலோசகரிடம் போனான். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, மேஜைமேல் நாலு நாட்டுக் கொடி. அந்த மனிதருக்குக் கழுத்துப் பட்டையைத் தவிர வேறு தகுதி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. குஷன் வேலை என்று போட்டால் மதிப்பெண் கிடைக்காது, ‘உள் அலங்கார நிபுணர்’ என்று போடுவோம் என்றாராம். நான் அலங்காரம் செய்வதில்லை, உட்காருகிற இடம்தான் செய்கிறேன் என்று தம்பி எழுந்து வந்துவிட்டான். அந்த ஒரு விஷயத்தில் அவனை மெச்சுகிறேன். அடுத்ததைக் கேளுங்கள்.

மொழித் தேர்வில், போன விடுமுறைக்கு எங்கே போனாய், விவரமாகச் சொல் என்று கேட்டார்கள். ‘போகவில்லை’ என்றான். அவ்வளவுதான் பதில். தேர்வில் தோற்றான். அடுத்த முறை, உனக்குப் பிடித்த நண்பரைப் பற்றிச் சொல் என்றார்கள். ‘அப்படி யாரும் இல்லை’ என்றான். மறுபடியும் தோற்றான்.

“கடற்கரைக்குப் போனேன், அலையைப் பார்த்தேன்னு சொல்லேன்டா. அவங்க என்ன கூட வந்து பார்க்கவா போறாங்க?” என்றேன்.

“போகாத இடத்துக்குப் போனேன்னு எப்படிக்கா சொல்றது?”

மூன்றாம் முறை, செய்கிற வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நிறுத்து நிறுத்து என்று அவர்கள் கை காட்டும்வரை பேசியிருக்கிறான். அது அவர்கள் அதிர்ஷ்டமா, இவன் அதிர்ஷ்டமா தெரியாது. பி.ஆர். கிடைத்துவிட்டது.

கிடைத்தால் மட்டும் போதாது. அதைக் காப்பாற்ற வேண்டும். இங்கே உண்மையாகவே குடியிருக்கிறோம் என்று காட்டினால்தான் முதல் பி.ஆர். அட்டையைப் புதுப்பிப்பார்கள். புதுப்பித்த பிறகுதான் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மனு போடலாம். தம்பி இங்கே வரும்போது அவன் மகள் கைக்குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எல்லாமே அந்தப் புதுப்பிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை ஊருக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வாடா, சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். போனால் ஏதாவது கேள்வி வரும் என்று போகவே இல்லை. சட்டம் ஒரு முழம் கொடுத்தால் இவன் அரை முழம் விட்டுக்கொடுப்பான்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காரணம் எங்கள் ஆட்களில் சிலர்தான். இங்கிருந்து பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து நாட்டில் இருக்கலாம். எல்லையில் யாரும் முத்திரை குத்துவதில்லை. அங்கே கடையும் பங்களாவும் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு முகவரிக்கு மட்டும் வீடு பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. எங்கள் சங்கத்தின் செயலாளரே அப்படிப்பட்டவர்தான். சட்டைப்பையில் எப்போதும் திரும்பிப் போகிற சீட்டு இருக்கும் என்பதால் ‘ரிட்டர்ன் டிக்கெட்’ என்று அவருக்குப் பெயர். மேடையில் ஏறினால் இந்த மண், நம் மண் என்று கண் கலங்குவார். கூட்டம் முடிந்ததும் பேருந்து நிலையத்தில் நிற்பார். கூலிக்குப் பொய்ச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுக்கிற பட்டறைகளும் இரண்டொன்று பிடிபட்டிருந்தன. அதனால் முதலாளி கொடுக்கிற கடிதத்தை இப்போது அதிகாரிகள் மூக்கு துடைக்கக்கூட எடுத்துக்கொள்வதில்லை. நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறார்கள்.

தம்பியின் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பி.ஆர். வந்ததும், கூட வேலை செய்தவர்களோடு தங்கியிருந்த அறையை விட்டு, இரண்டாவது மாடியில் ஒரு வீடு எடுத்தான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் ஆள் நின்றால் நிறைந்துவிடுகிற சமையலறை. குடும்பம் வந்து இறங்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டுமாம். கட்டில் வாங்கினான். தடிமனான மெத்தை வாங்கினான். ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், கேஸ் அடுப்பு, மகளுக்குச் சின்ன மேஜை. சோபாவை மட்டும் வாங்கவில்லை, அவனே செய்தான். அப்படி ஒரு சோபாவை நான் வேலை பார்க்கிற ஓட்டலிலும் பார்த்ததில்லை. தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தேடினால் கிடைக்காது.

இதில் ஒன்றையும் அவன் பிரிக்கவில்லை. மெத்தை கடை உறையோடு கட்டிலில் கிடந்தது. ஃபிரிட்ஜின் கதவில் கம்பெனி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது, பிளக்கைச் சொருகவே இல்லை. சோபாவுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றி ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தான். ‘அவ வந்து பிரிக்கட்டும்கா’ என்பான். இவன் படுக்கை சமையலறைச் சுவரோரம் ஒரு பாயில். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாத்திரம். பழைய கரண்ட் அடுப்பு ஒன்று, யாரோ வேண்டாமென்று கொடுத்தது, அதில் ராத்திரிக்கு ஒரு சோறு. ஊரார் சோபாவுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவன் வீட்டில் உட்கார இடம் இல்லாமல் நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வேலைக்கு விடியுமுன் போவான், இருட்டிய பின் வருவான். படியில் சத்தம் வராமல் நடப்பான். எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். அதை ஒரு பெரிய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

புதுப்பிக்க மனு கொடுத்தான். கரண்ட் கணக்கைப் பார்த்த அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மனிதன் குடியிருக்கிற வீட்டில் இவ்வளவு குறைவாகவா ஓடும்? வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று தேதி கொடுத்தார்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தான். அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டான். சும்மா பெருக்கித் துடைத்ததல்ல. சமையலறைச் சுவரில் அவன் தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது, அதற்கு வெள்ளை அடித்தான். கரண்ட் அடுப்பைத் தேய்த்துப் பரணில் ஏற்றினான். பாயைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். தேய்ந்த செருப்பு அசிங்கமாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டான். சமையலறைக்குள்ளேயே துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்தான். எனக்கு மொழி சரளம் என்பதால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கதவைத் திறந்ததும் எனக்கே பகீர் என்றது. கண்காட்சிக்கு வைத்த வீடு மாதிரி இருந்தது.

“என்னடா இது?”

“அதிகாரிங்க வர்றாங்க இல்ல, பளிச்னு இருக்க வேண்டாமா?” பெருமையாகச் சிரித்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஓர் அம்மா, அவர்தான் மூத்தவர். கூட ஒருவர், எதுவும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த அம்மா ஃபிரிட்ஜின் டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். மெத்தையை அழுத்தினார், உறை நொறுநொறுத்தது. கேஸ் அடுப்பில் கம்பெனி ஸ்டிக்கர். அலமாரியில் ஒரே ஒரு தட்டு. எங்கே படுக்கிறாய் என்று கேட்டார். தம்பி பளபளக்கிற சமையலறைத் தரையைக் காட்டினான். எதில் சமைக்கிறாய் என்றார். பரணைக் காட்டினான். எதிர்வீட்டில் போய் விசாரித்தார்கள். அந்த வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது, விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தோம் என்றார்களாம்.

புறப்படும்போது அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். இந்த வீட்டில் யாரும் வசிப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. முடிவு எடுக்குமுன் சொல்லாமல் ஒரு நாள் வருவோம். வழக்கம்போல இருங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். தம்பி தலையை ஆட்டினான். நான் எதையெல்லாமோ விளக்கப் பார்த்தேன். இந்தக் கதையை இதற்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

செய்தி சங்கத்துக்கு எட்டியது. மறுநாளே ரிட்டர்ன் டிக்கெட் இரண்டு பைகளோடு வந்து நின்றார். ஃபோட்டோ பிரேம்கள், பழைய செருப்பு மூன்று ஜோடி, பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டில், கறை படிந்த காப்பிக் கோப்பைகள். எல்லாம் அவர் தன் வீட்டில் பரப்பி வைத்திருந்தவை. அவர் அட்டை போன மாதம்தான் தடையில்லாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

“தங்கச்சி, வீடுன்னா கொஞ்சம் அலங்கோலமா இருக்கணும். அதுக்கு ஒரு கை வேணும்,” என்றார். “சோபாமேல ஒரு துண்டைப் போடு. குளியலறையில நாலு பிரஷ் வை. என் வீட்டைப் பார்த்துட்டு அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க வீட்ல உயிர் இருக்குன்னாங்க.”

“நீங்க அந்த வீட்ல கடைசியா எப்ப தூங்குனீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குத் தங்கச்சி இப்ப.”

பைகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவன் செருப்பை வாசலில் போட்டு ஆள் இருப்பதாகக் காட்டியதில்லை. அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கிற ஜாதி இல்லை அவர். படி இறங்கும்போதே யாரிடமோ ஃபோனில் பேருந்து நேரம் கேட்டுக்கொண்டு போனார்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்று எனக்குப் பட்டது. அடுத்தவர் சாமான் வேண்டாம், நம் சாமானைப் பிரித்துப் பயன்படுத்து என்றேன். மெத்தையில் படு. ஃபிரிட்ஜை ஓட விடு. சோபாவில் உட்கார்.

“வழக்கம்போல இருன்னுதானேக்கா அவங்க சொன்னாங்க. இப்பப் பிரிச்சா அது வழக்கம் இல்லையே. நடிப்புதானே?”

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. பொய் சொல்லாதவனோடு குடும்பம் நடத்தலாம், உண்மையை இப்படி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனோடு முடியாது. நீ நடிக்காமல் இருந்து பி.ஆர். போனால் உன் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கை விரல் காய்ப்பை உரித்துக்கொண்டிருந்தான். நான் பேசிப் பயனில்லை என்று அவன் மனைவிக்கு நானே ஃபோன் போட்டேன். படம் தெரிகிற மாதிரி நடுக்கூடத்தில் வைத்தேன்.

அவளுக்கு எதுவுமே தெரியாது. இவன் சொன்னதே இல்லை. நான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

“அண்ணி, அவரை முன்னாடி வரச் சொல்லுங்க,” என்றாள். இவன் முகத்தைக் காட்டினான். “யாருங்க உங்களை மூடி வைக்கச் சொன்னது? நான் சொன்னேனா?”

“நீ வந்து முதல்ல…”

“நான் வர்றதுக்குள்ள ஃபிரிட்ஜுக்குக் கேரண்டியே முடிஞ்சிருக்கும். பழைய ஃபிரிட்ஜைப் புதுசுன்னு என் தலையில கட்டலாம்னு பாக்கறீங்களா?”

நான் சிரித்துவிட்டேன். இவன் சிரிக்கவில்லை. பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிட்டு வந்திருக்கா தெரியுமா? எங்கப்பா கடையில தங்கியிருக்காருன்னு. ஃபோன்ல எப்பப் பார்த்தாலும் உங்க பின்னாடி எல்லாம் கவர் போட்டுத்தானே இருக்கு. அப்பாவுக்கு வீடு இல்லையாம்மான்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

தம்பி ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னான். போனபோது ஸ்டேப்ளர் பின் பிடுங்குகிற கருவியோடு சோபா முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பின்னாக எடுத்து டப்பாவில் போட்டான். நான் என்றால் கிழித்து எறிந்திருப்பேன். தாளை விலக்கினோம். துணியின் முதுகுப் பக்கம் முழுவதும் கறுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் பரவியது. பூசணம்.

அவன் எழுந்துபோய் மெத்தை உறையைப் பிரித்தான். மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது. திருப்பிப் போட்டோம். அடிப்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பூத்து, வாடை மூக்கைத் துளைத்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் ரப்பர் பாதி கதவோடும் பாதி பெட்டியோடும் ஒட்டிக்கொண்டு வந்தது. மகளின் மேஜை அடியில் பலகை உப்பியிருந்தது. ஒரு நாள்கூட யாரும் தொடாத சாமான், புதுசாகவே கெட்டுப்போயிருந்தது.

“சந்தோஷமா?” என்றேன். வேறு என்ன சொல்வது?

“ஃபோம்ல காத்து போக வழி விடணும்னு பட்டறையில தினம் நான்தான்க்கா எல்லாருக்கும் சொல்லுவேன்,” என்றான்.

மெத்தையைக் குப்பைக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவன் முன்னால், நான் பின்னால். மாடி வளைவில் சிக்கியது. கீழே வாசலுக்கு வந்தபோது அந்த இரண்டு அதிகாரிகளும் எதிரே நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள் என்று யார் கண்டது?

அந்த அம்மா மெத்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே முடிவு எடுத்தாயிற்று என்று தெரிந்தது. தம்பியைப் பார்த்தேன். வாயைத் திறந்தான். ஆமாம், மெத்தையைக் காலி செய்கிறோம் என்று இவன் ஏதாவது உண்மையைச் சொல்லித் தொலைக்கப் போகிறான் என்று நான் குறுக்கே பேசினேன். பிரித்துப் பார்த்தோம், கெட்டுப்போயிருந்தது, எறிகிறோம் என்றேன். நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அதுவரை பேசாத அந்த மற்றவர் மெத்தைக்குப் பக்கத்தில் வந்தார். அடிப்பக்கத்தைத் திருப்பச் சொன்னார். முகர்ந்தார். மேலே வீட்டைப் பார்க்கலாமா என்றார். எல்லாரும் ஏறினோம். சோபாவின் முதுகைப் பார்த்தார், ஃபிரிட்ஜ் ரப்பரைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். சமையலறையில் இப்போது பாய் விரித்திருந்தது, கயிற்றில் துணி தொங்கியது, கரண்ட் அடுப்பு தரையில் இருந்தது. வெள்ளை அடித்த இடத்தில் புதிதாக ஒரு வட்டம் மங்கலாகத் தொடங்கியிருந்தது.

அந்த அம்மாவிடம் அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். “ஆள் இல்லாத வீடு காய்ந்து கிடக்கும். இங்கே யாரோ வருஷக்கணக்காக ஜன்னலை மூடிக்கொண்டு சமைத்திருக்கிறார், துணி காயப்போட்டிருக்கிறார், மூச்சு விட்டிருக்கிறார். அந்த ஈரம்தான் இது. என் வீட்டிலும் இதே தொல்லை.”

அந்த அம்மா மெத்தை இருந்த இடத்தில் வெறும் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பியிடம் கேட்டார், ஏன் இதையெல்லாம் உபயோகிக்கவில்லை என்று. நான் மொழிபெயர்ப்பதற்குள் அவனே அவர்கள் மொழியில் சொன்னான்.

“மனைவி வரவில்லை.”

தேர்வில் சொன்ன மாதிரியே ஒன்றிரண்டு வார்த்தைதான். இந்த முறை அவர் விவரம் கேட்கவில்லை.

அட்டை புதுப்பித்து வந்துவிட்டது. ரிட்டர்ன் டிக்கெட் சங்கக் கூட்டத்தில் அவனுக்குச் சால்வை போட்டு, தன் வழிகாட்டுதலால் நடந்தது என்று பேசினாராம். நான் போகவில்லை. தம்பி போய், போட்டதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், வேறென்ன செய்வான்?

மனைவிக்கும் மகளுக்கும் மனு போய்விட்டது. கேள்வி எதுவும் இல்லாமல் நகர்கிறது. கட்டில் வெறுமனே கிடக்கிறது. நல்ல மெத்தையாக ஒன்று பார்த்து வைக்கட்டுமாக்கா என்று நேற்று கேட்டான். கடைப் பக்கம் காலை வைத்தால் முறித்துவிடுவேன் என்றேன். அவள் வந்து, அவளே கடைக்குப் போய், அவளே படுத்துப் பார்த்து வாங்கட்டும். இவன் கூடப் போகலாம். தூக்கிக்கொண்டு வருவதற்கு.